பத்து நாள் கெடு

ஏப்ரல் 13, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டில் கேமரா சோதனை தொடர்பானவை மட்டும் எழுதப்படும். வீட்டு விஷயங்களுக்கு வேறு நோட்டு இருக்கிறது. அதில் எழுதும்படி எதுவும் நடப்பதில்லை.

இன்று காலை பத்தேமுக்காலுக்கு, பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெபராஜிடமிருந்து பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கப்பட்டது. லென்ஸ், இரண்டு பேட்டரி, சார்ஜர், தோள்பை உண்டு. ஆறு வருடம் கல்யாணங்களுக்குப் போய் வந்த கேமரா. பையில் இன்னும் சந்தன வாசனை அடிக்கிறது. ஓரத்து அறையில் நாலு அட்சதை அரிசியும் ஒரு பாக்கும் இருந்தன. அவற்றையும் குறித்துக்கொண்டேன்.

"பத்து நாள் வச்சுப் பாருங்க சார். என்ன குறைன்னாலும் கொண்டாங்க, மறுபேச்சு கிடையாது" என்றார் ஜெபராஜ்.

நான் அவர் மேஜையிலிருந்த பில் புத்தகத்தைப் பார்த்தேன். அவரே ஒரு பில்லைக் கிழித்து, பின்பக்கம் '23ஆம் தேதி சாயங்காலம் வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "முத்திரை சார்ட்ட வாயால சொன்னா செல்லாதுன்னு தெரியும்லா."

முப்பத்துமூன்று வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். கடைத் தராசு, படிக்கல், எண்ணெய் அளக்கும் குவளை எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் அரசு முத்திரை குத்துவதும், தப்பாக இருந்தால் பறிமுதல் செய்வதும் என் வேலை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் நான் நுழைந்தால் சில கடைக்காரர்கள் தராசின் மேல் துண்டைப் போடுகிறார்கள். பழக்கம்தான். நான் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கேமரா வாங்கிய காரணம்: என் மனைவி செண்பகவல்லி தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. வருகிற 26ஆம் தேதி சனிக்கிழமை அவளுக்குப் பிரிவு உபசார விழா. என்னுடைய பிரிவு உபசாரத்துக்கு அலுவலகத்தில் ஒருவரை அமர்த்திப் படம் எடுத்தார்கள். பதினெட்டுப் படங்களிலும் என் கண் மூடியிருக்கிறது. பத்தொன்பதாவதில் மாலை என் மூக்கு வரை ஏறியிருப்பதால் கண் திறந்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். செண்பகத்துக்கு அப்படி நேரக்கூடாது. நானே எடுப்பேன்.

வெளிப்புறச் சோதனை முடிந்தது. திருகாணித் தலைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எதிலும் திருப்புளி பட்ட காயம் தென்படவில்லை. யாரும் திறந்து கைவைக்கவில்லை என்று கொள்ளலாம்.

"திருகாணியெல்லாம் எண்ணியாச்சா?" என்று கேட்டாள் செண்பகம்.

"பதினொன்று" என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விசு. வழக்கம்போல் விடியற்காலையில் செண்பகம் பின்னாலிருந்து என் கண்ணைப் பொத்தி, கனித்தட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கொன்றைப்பூ, மாங்காய், பலாச்சுளை, வெள்ளரிக்காய், அவள் சங்கிலி, நடுவில் கண்ணாடி. கையை எடுத்ததும் கண்ணாடியில் முகம் தெரிய வேண்டும். தெரிந்தது. குளியலறைக் கண்ணாடியில் நீராவிக்குப் பின்னால் தெரிவது போல.

"துடைக்கவில்லையா?"

"மூணு தடவ தொடச்சேன்."

நான் சொன்னதற்காக நாலாவது முறையும் முந்தானையால் துடைத்தாள். அப்படியேதான் இருந்தது. வருடத்தின் முதல் காட்சியில் குறை சொல்லக்கூடாது என்பதால் "இப்போது பரவாயில்லை" என்றேன். அவள் கனியைப் பார்க்காமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கேமராவின் முதல் படம்: கனித்தட்டு. கொன்றைப்பூ ஒரே மஞ்சள் திட்டாக வந்திருக்கிறது, இதழ் பிரியவில்லை. ஆனால் நேரிலும் அது அப்படித்தான் இருந்தது. ஆகவே இதைக் கேமராவின் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

லென்ஸை மூடி போட்டு மூடிவிட்டு ஒரு படம் எடுக்க வேண்டும். முழுக் கறுப்பாக வர வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மின்னினால் உள்ளே அந்த இடம் செத்துவிட்டது என்று பொருள். முழுக் கறுப்பாக வந்தது. தேறியது.

பிறகு வெறும் வானத்தை எடுக்க வேண்டும். உள்ளே தூசி இருந்தால் வானத்தில் புள்ளியாக விழும். இரண்டு புள்ளி தெரிந்தது. அடுத்த படத்தில் ஒன்று இடம் மாறியிருந்ததால் அது பருந்து என்று தீர்மானித்தேன். செண்பகம் திரையைப் பார்த்துவிட்டு, பருந்து போக நாலு புள்ளி இருக்கிறது என்றாள். ஆசிரியர்களுக்கு மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு.

வெள்ளைச் சுவர்ச் சோதனை: சுவர் லேசான மஞ்சளாக வந்திருக்கிறது. எங்கள் சுவர் மஞ்சள்தான். போன வருடம் வெள்ளை என்று சொல்லிவிட்டு பெயின்டர் மஞ்சளை அடித்துவிட்டான். இது பற்றி அவனுக்கும் எனக்கும் தெருவில் வைத்துப் பேச்சு வளர்ந்தது. இப்போது கேமராவும் என் பக்கம் சாட்சி சொல்கிறது. நிறம் காட்டுவதில் கேமரா நேர்மையானது.

ஏப்ரல் 16, புதன்

பள்ளியிலிருந்து வந்ததும் செண்பகம் விழாவுக்கு வாங்கிய பட்டுச்சேலையைத் தோளில் போட்டுக்காட்டினாள். பச்சை எடுப்பாக இருக்கிறது என்றேன்.

"எது பச்ச?"

"சேலை."

"ஏங்க, இது நீலம்."

வாதம் வேண்டாம் என்று படம் எடுத்துத் திரையைக் காட்டினேன். படத்திலும் பச்சை. கேமராவுக்கு என்னிடம் எந்தக் கடமையும் இல்லை, இருந்தும் என்னையே ஆதரிக்கிறது. அவள் திரையைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"கண்ண ஒரு தடவ காட்டிட்டு வந்துருவமா?" என்றாள்.

கேமரா சோதனையின் நடுவில் இப்படிப் பேச்சை மாற்றினால் வேலை ஓடாது. எழுத்துச் சோதனை பாக்கி இருந்தது. பத்தடி தூரத்தில் ஒருவர் அட்டையில் எழுதிப் பிடிக்க வேண்டும், அந்த எழுத்தின் விளிம்பு கூராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். "என்ன எழுத?" என்று கேட்டாள். எதையாவது எழுது, விளிம்புதான் முக்கியம் என்றேன். பள்ளிக்கு வாங்கிய சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிப் பிடித்தாள். சேலை தோளிலேயே இருந்தது.

படத்தில் எழுத்தின் விளிம்பு கூராக இல்லை. பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கிறது. முதல் குறை கண்டறியப்பட்டது. மனம் ஒரு நிலைக்கு வந்தது. குறையே இல்லாத சாமானைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம்.

ஏப்ரல் 17, வியாழன்

கேமரா தொடர்பில்லாதது, இருந்தாலும்: வாசல் தூணில் ஸ்கூட்டர் உரசியது. தூணுக்குப் பெயின்ட் அடித்து நாளாகிவிட்டது, தூரத்திலிருந்து தெரிவதில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி. செண்பகத்துக்கு விடுமுறை. ஜெபராஜ் ஸ்டுடியோவும் இருக்காது.

லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தால் படம் மங்கும் என்று கேள்விப்பட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெண்மையாக ஏதோ படர்ந்த மாதிரி இருந்தது. டார்ச்சை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது, டார்ச்சை அணைத்த பிறகும் சற்று நேரம் இருந்தது. செண்பகத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். பளிச்சென்று இருக்கிறது என்றாள். பூஞ்சை பற்றி அவளுக்குப் பயிற்சி இல்லை.

மாலை ஆறரைக்குத் தெருவிளக்கை எடுத்தேன். விளக்கைச் சுற்றி ஒரு வளையம், சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருப்பது போல. இது பூஞ்சையின் அடையாளம். ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை என்பதால் செண்பகத்தின் செல்போனிலும் அதே விளக்கை எடுத்தேன். அதிலும் வளையம். கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். வளையம். மின்வாரியம் புதிதாகப் போட்ட விளக்கு, தரம் அப்படி.

எழுத்துச் சோதனை மறுபடி. இன்று செண்பகம் அட்டையில் இரண்டு வரி எழுதியிருந்தாள். விளிம்பு நேற்று முன்தினத்தைவிட மோசம்.

"விளிம்ப மட்டுமா பாத்திய?" என்றாள்.

"வேறென்ன பார்க்க வேண்டும்?"

"ஒண்ணுமில்ல. பாருங்க."

ஏப்ரல் 19, சனி

கேமராவுடன் ஜெபராஜிடம் போனேன். கண்டறிந்த குறைகளைத் தனித்தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். அவர் நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டு, தாளை இரண்டு முறை வாசித்தார். பிறகு கேமராவைக் கண்ணில் வைத்தவர் உடனே எடுத்துவிட்டார்.

"என்ன சார், ஒரே கலங்கலா இருக்கு?"

"அதைத்தான் எழுதியிருக்கிறேன்" என்றேன். வெற்றி இவ்வளவு சீக்கிரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. பார்ப்பவரின் கண் பவருக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ளலாம். அதை நான் முதல் நாளே கோடி வரை திருப்பியிருந்தேன். அதற்கு மேல் திரும்பவில்லை என்பது தாளில் நாலாவது குறை. ஜெபராஜ் அதை நடுவுக்குக் கொண்டுவந்தார். மறுபடி பார்த்தார், கடைக்கு எதிரே இருந்த வாழைக்காய் மண்டியைப் படம் எடுத்தார், கணினியில் போட்டுப் பெரிதாக்கினார்.

"பாருங்க சார். போர்டுல செல் நம்பர் வரைக்கும் தெரியுது."

எனக்கு வாழைக்காய் தெரிந்தது.

"சார் எந்தக் கண்ண வச்சு பாக்கிய?"

"வலது கண். எல்லாரும் போலத்தான்."

"இடது கண்ண வச்சு ஒருக்கப் பாருங்களேன்."

வைத்துப் பார்த்தேன். மண்டியின் போர்டு சற்றுத் தெளிவாகத் தெரிந்தது. கேமராவைப் பிடித்த கோணம் காரணமாக இருக்கலாம்.

ஜெபராஜ் டீயை ஆற்றிக் கொடுத்தார். "எங்க அம்மையும் இப்பிடித்தான் சார். டிவி கெட்டுப்போச்சு, டிவி கெட்டுப்போச்சுன்னு ஒரு வருசம் சொல்லிக்கிட்டு இருந்தா. புது டிவி வாங்கிக் குடுத்தோம். அதுவும் கெட்டுப்போச்சுன்னா."

அவர் வீட்டு டிவிக்கும் இந்தக் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

"சமாதானபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னையா உங்களுக்கு என்ன வேண்டும்?"

"தாய்மாமா. அவரு தராச நீங்கதான் எடுத்துட்டுப் போனிய."

"கிலோவுக்கு நாற்பது கிராம் குறைந்தது."

"அம்பதும்பாவ எங்க அம்மை" என்றார் ஜெபராஜ். "அவரு கள்ளத் தராசுதான் வச்சிருந்தாரு சார், அது ஊருக்கே தெரியும். அதுக்காக நான் உங்களுக்குக் கெட்ட கேமராவக் குடுப்பனா?"

இதற்கு மேல் கேட்பது முறையல்ல என்று எழுந்தேன். கெடு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

அடிக்கோலைச் சாய்த்து வைத்து எடுத்துப் பார்க்கும் சோதனை. ஃபோகஸ் குறிவைத்த கோட்டில் விழுகிறதா, முன்னால் பின்னால் தள்ளி விழுகிறதா என்று கண்டுபிடிக்கலாம். என் படத்தில் எந்தக் கோட்டிலும் விழவில்லை. அடிக்கோலை மாற்றிப் பார்த்தேன்.

எழுத்துச் சோதனை, மூன்றாவது. இம்முறை செண்பகம் அட்டை நிறையப் பெரிய எழுத்தில் எழுதிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராக நின்றாள். மூன்று படம் எடுத்தேன். திரையைப் பார்த்து "மோசம்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மதியம் உளுந்து ஊறப் போட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். மாலையில் வடை வரவில்லை. கேட்டதற்கு, "போட்டில தோத்துட்டிய" என்றாள். உளுந்து இட்லி மாவுக்குப் போய்விட்டது. என்ன போட்டி, யார் நடத்தியது என்று விளங்கவில்லை. ஓய்வு நெருங்கும்போது சிலருக்கு மனம் இப்படி இருக்கும். எனக்கும் இருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

கேமராவைத் திருப்பிக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். கொடுத்தால் சனிக்கிழமைக்குள் வேறு கிடைக்காது. வைத்துக்கொண்டால் செண்பகத்தின் விழா, பஞ்சு மூட்டைக்குள் நடந்தது போல் இருக்கும். இரண்டும் கெடுதல்தான். அதில் எது குறைந்த கெடுதல் என்று யோசித்தபடி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல பித்தளப் படிக்கல்லு ஒரு பெட்டி நெறைய வச்சிருப்பியள்லா" என்றாள் செண்பகம். "கடைக்காரன் கல்லையெல்லாம் அதோட வச்சுத்தான பாப்பிய. அது சரியான எடைதான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் என் துறையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. தோசையை நிறுத்திவிட்டு விளக்கினேன். பித்தளையும் தேயும், தூசி ஏறினால் கூடும். அது அந்தக் கல்லை வைத்திருப்பவனுக்குத் தெரியாது. அவன் உலகத்தையே அதை வைத்துத்தான் நிறுக்கிறான், எனவே கல் தேய்ந்தால் உலகம் கனத்துவிட்டதாகத்தான் அவனுக்குப் படும். ஆகவே நாங்கள் குறித்த காலத்தில் எங்கள் கற்களையே மேல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவோம், எவ்வளவு பெரிய ஆய்வாளரானாலும் தன் கல்லைத் தானே சரிபார்த்துக்கொள்ள அதிகாரம் கிடையாது என்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பயிற்சி வகுப்புகளில்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "கண்ண எப்ப கடைசியா அனுப்பினிய?" என்றாள்.

தோசை ஆறிக்கொண்டிருந்ததால் உரையாடல் அத்துடன் நின்றது.

வேலையில் சேர்ந்த வருடம் மருத்துவச் சான்றுக்காக அனுப்பியது. இப்போதுள்ள வாசிக்கும் கண்ணாடி, மார்க்கெட் நடைபாதையில் நாலைந்து போட்டுப் பார்த்து வாங்கியது. முத்திரை இல்லாதது.

ஏப்ரல் 22, செவ்வாய்

செண்பகம் பள்ளிக்குப் போன பிறகு ஒரு சோதனை.

சுவரில் தொங்கும் நாள்காட்டியிலிருந்து ஆறடி தள்ளி நின்று இடது கண்ணைப் பொத்தினேன். நாள்காட்டியின் அச்சு இந்த வருடம் படுமோசம், தேதியே தெரியவில்லை.

வலது கண்ணைப் பொத்தினேன். அச்சு திருந்திவிட்டது.

நாலு முறை மாற்றி மாற்றிச் செய்தேன். நாள்காட்டி ஒன்றுதான்.

ஏப்ரல் 23, புதன்

கெடுவின் கடைசி நாள். செண்பகம் அரை நாள் விடுப்புப் போட்டாள். ஜெபராஜிடம் போகும் வழியில்தான் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது என்றாள். இல்லை, ஆனால் போனோம்.

"ஆவுடையப்பன் யாரு?" என்று கூப்பிட்டு, சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். டாக்டரம்மாவுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். கருவியைத் தன் கண்ணருகே கொண்டுபோகுமுன் அதைத் துடைத்து, திருகி, எதையோ சரிபார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"வலது கண்ல புரை நல்லா முத்திருக்கு. இடதுலயும் ஆரம்பிச்சிருக்கு. எத்தனை வருஷமா இப்படி மங்கலா தெரியுது?"

"கேமரா வாங்கியே பத்து நாள்தான் ஆகிறது" என்றேன்.

டாக்டரம்மா செண்பகத்தைப் பார்த்தார். செண்பகம் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள்.

அறுவை சிகிச்சை மே 7. அதுவரை தாமதித்தால் கெடுதல் இல்லை, ஸ்கூட்டரை மட்டும் தொடக்கூடாது. வாசல் தூண் விஷயத்தை இவரிடம் யார் சொன்னது என்று ஊகிக்க முடிந்தது. வலது கண் பயன்பாட்டுக்கு உகந்ததாக இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். இந்த வாசகத்தை நான் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள்பவர்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்பது இன்று விளங்கியது.

மாலை ஐந்துக்கு ஜெபராஜிடம் போய், அவர் கொடுத்த பில்லின் கீழே 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தப்பான தராசுக்குக் கொடுக்கத் துறையில் ஏழு விதப் படிவம் உண்டு. சரியான தராசிடம் மன்னிப்புக் கேட்கப் படிவம் கிடையாது. இனி அச்சடித்தால் நல்லது.

"இத எங்க மாமாட்ட காட்டலாமா சார்?" என்றார் ஜெபராஜ்.

"அவர் தராசு தப்புத்தான்."

"அது தப்புத்தான் சார். ஒரு சந்தோசத்துக்குக் காட்டுதேன்."

சனிக்கிழமை தானே வந்து படம் எடுத்துத் தருவதாகவும் சொன்னார். அதுதான் முறை. சரிபார்க்காத கருவியை உபயோகிக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன்.

"ஜெபராஜு எடுத்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா நீங்க எடுங்க."

"மங்கலாக வந்தால்?"

"நான் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்துக்கிடுதேன்."

விதியைப் பற்றி மறுபடி யோசித்தேன். வியாபாரத்துக்கு உபயோகிக்கத்தான் தடை. வீட்டு உபயோகத்துக்கு இல்லை. விதியில் இடம் இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

விழா நடந்தது. இடது கண்ணை வைத்து எடுத்தேன். இடது கண்ணை வைத்தால் மூக்கு திரையில் அழுந்துகிறது. இரண்டு மணி நேரத்தில் திரை முழுக்க மூக்கின் தடம்.

ஃபோகஸ் சரியாக விழுந்ததும் கேமரா 'பீப்' என்று ஒலி கொடுக்கும். அந்தக் கண்ணையும் முழுக்க நம்ப முடியாததால் அந்தச் சத்தத்தை நம்பி எடுத்தேன். காதைப் பற்றி இதுவரை புகார் வரவில்லை. சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிடம் பேசினார், கல்வியின் தேவை பற்றி, ஆசிரியர்கள் மத்தியில். ஒலிபெருக்கி இரைச்சலில் பீப் கேட்காததால் மேடைக்கு மிக அருகே போக வேண்டியிருந்தது. மூன்று நாற்காலியில் முட்டினேன். ஒன்றில் தாளாளர் உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ரோஜாப்பூ கொடுத்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பூவைக் கொடுத்துவிட்டு, "டீச்சர், நீங்க பாஸா பெயிலா?" என்று கேட்டான். செண்பகம் பாஸ் என்றாள். அந்த இடத்தில் பீப் கேட்டதா என்று எனக்கு நினைவில்லை, எடுத்துவிட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு காலி வகுப்பறைக்குள் என்னைக் கூப்பிட்டாள். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "இங்க வச்சு ஒண்ணு எடுங்க" என்றாள். ஜன்னல் வெயில் கண்ணில் அடித்தது. பலகையில் என்னவோ எழுதியிருந்தது, பிள்ளைகளின் வாழ்த்தாக இருக்கும். எடுத்தேன். பீப் கேட்டது.

மொத்தம் இருநூற்றுப் பதினாறு படம். எதையும் நான் பார்க்கப் போவதில்லை. நிராகரிக்கப்பட்ட கருவியால் முடிவு சொல்லக்கூடாது. செண்பகமும் பார்க்காமல் காத்திருப்பதாகச் சொன்னாள். மெமரி கார்டை ஓர் உறைக்குள் போட்டு அரக்கு வைத்து பீரோவில் வைத்தேன். வீட்டில் அரக்கு இருந்தது.

மே 7, புதன்

முடிந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இது இடது கண்ணால் எழுதப்பட்டது.

மே 8, வியாழன்

கண் கட்டைப் பிரித்தார்கள்.

டாக்டரம்மாவின் கோட்டு வெள்ளை. ஆட்டோவில் வரும்போது வானம் நீலமாக இருந்தது. அது எப்போதும் அப்படித்தான் என்று செண்பகம் சொன்னாள். வாழைக்காய் மண்டியின் செல் நம்பரை ஓடும் ஆட்டோவிலிருந்து முழுவதும் வாசித்தேன்.

எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை. பெயின்டரின் செல் நம்பர் பழைய நோட்டில் இருக்கிறது. தேட வேண்டும்.

மே 18, ஞாயிறு

கண் தேறிவிட்டது என்று நேற்று டாக்டரம்மா சொன்னார். எழுதி வாங்கிக்கொண்டேன். இன்று மூன்று மணிக்கு அரக்கை உடைத்து, கார்டை டிவியில் மாட்டி, முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்தேன். செண்பகம் தனக்கு வேலை இருக்கிறதென்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

கொன்றைப்பூவில் இதழ்கள் தனித்தனியே இருந்தன. ஒன்றில் எறும்பு. வானத்தில், பருந்து போக நாலு புள்ளி.

பதினாறாம் தேதிப் படம் வந்தது. செண்பகம் தோளில் பட்டுச்சேலையுடன் அட்டையைப் பிடித்திருக்கிறாள். எழுத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. பழக்க தோஷத்தில் முதலில் விளிம்பைத்தான் பார்த்தேன். பிறகு வாசித்தேன்.

'இது நீலம்.'

நீலம்தான். மயில் கழுத்து நீலம். இது பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

பதினெட்டாம் தேதி: 'கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் கூட வாரேன்.'

இருபதாம் தேதி, அட்டை நிறைய: 'இதை வாசிச்சுச் சொன்னா சாயங்காலம் உளுந்த வடை.'

அன்று எடுத்த மூன்றில் முதல் இரண்டிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். மூன்றாவது படத்தில் சிரிப்பு இல்லை. நான் திரையைப் பார்த்து மோசம் என்று சொல்வதற்கு ஒரு விநாடி முந்தைய முகம். அதைக் கொஞ்ச நேரம் ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருந்தேன்.

அடுத்து விழா. இருநூற்றுப் பதினாறில் பத்தொன்பதுதான் கலங்கியிருக்கின்றன. மற்றதெல்லாம் சுத்தம். பொன்னாடை போர்த்தும்போது, நினைவுப்பரிசு வாங்கும்போது, சிறப்பு விருந்தினர் பேசும்போது, ஒன்றில்கூட அவள் கண் மூடவில்லை. போர்த்துபவரையோ கொடுப்பவரையோ பார்க்கவும் இல்லை. எல்லாவற்றிலும் என்னைத்தான் பார்க்கிறாள். அடுத்த நாற்காலியில் தடுக்கி விழுந்துவிடுவேனோ என்று பார்க்கும் பார்வை. பதினோராவது படத்தில் கை என்னைப் பிடிக்கிற மாதிரி முன்னால் வந்திருக்கிறது, பொன்னாடை ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது. ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அதைக் குறித்துக்கொண்டேன். பையன் பாஸா பெயிலா என்று கேட்டபோது எடுத்தது, கலங்கிய பத்தொன்பதில் ஒன்று. அதையும் வைத்துக்கொள்வோம்.

கடைசிப் படம், காலி வகுப்பறை. ஜன்னல் வெளிச்சம், சாக்பீஸ் தூள் ஒட்டிய கை. கரும்பலகையில், ஒன்றாம் வகுப்புக்கு எழுதுவது போல முத்து முத்தாக, அவள் கையெழுத்து.

'இதை வாசிக்கிற அன்னைக்கு வடை.'

சமையலறை வரை கேட்கும்படி சத்தமாக வாசித்தேன்.

கிரைண்டர் ஓடத் தொடங்கியது. உளுந்து காலையிலிருந்தே ஊறிக்கொண்டிருந்ததாம்.